அடுப்படியில் நடந்த கல்லூரி

கனடாவின் மீனவக் கரையில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரி ஊர் ஊராகத் தொழில்முனைவு கற்றுக்கொடுத்தது. அந்தக் கதைக்குள் சென்னை ராஜதானியும் வருகிறது, முத்துக்குளித்துறையும் வருகிறது.

கனடாவின் கிழக்கு ஓரத்தில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம். 1930-களில் அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் மீன்பிடித் துறைகள் அடங்கிவிடும். படகைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு, வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டு வசந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த மாதங்களில், வாரத்தில் ஒரு ராத்திரி, யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் எட்டுப் பத்துப் பேர் கூடுவார்கள். வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர், கல்லூரியிலிருந்து வந்த சிறு வெளியீட்டை விளக்கு வெளிச்சத்தில் உரக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும் கணக்கு தொடங்கும்.

சென்ற பருவத்தில் நம் துறையிலிருந்து எவ்வளவு சிங்கி இறால் போனது? வியாபாரி நமக்கு என்ன கொடுத்தார்? அதே இறாலை பாஸ்டன் நகரத்தில் என்ன விலைக்கு விற்றார்கள்? நடுவில் இருக்கும் காசு யார் யார் கைக்குப் போனது? நமக்கு வந்த கொஞ்சத்திலும் வலைக்கும் மாவுக்கும் சர்க்கரைக்கும் அதே வியாபாரி எவ்வளவு பிடித்துக்கொண்டார்?

பல பேருக்கு அதுவரை இப்படியொரு கணக்கைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே வந்ததில்லை. கணக்குப் புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது வியாபாரியின் மேஜையில் இருக்கும். பருவம் தொடங்கும்போது அவர் வலையும் கயிறும் கடனாகக் கொடுப்பார். பருவம் முடியும்போது மீனை அவர் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வார். மிச்சம் என்னவென்றும் அவரே சொல்வார். ரொக்கத்தைக் கண்ணால் காணாமலே வருஷம் ஓடிய குடும்பங்கள் உண்டு. முன்பணம் வாங்கிக் கடலுக்குப் போகும் நம் ஊர் மீனவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமையலறைகளை ஒரு கல்லூரி தன் வகுப்பறைகளாக எண்ணியது. ஆன்டிகோனிஷ் என்ற சிற்றூரில் இருந்த அந்தக் கல்லூரியின் பெயர் செயின்ட் பிரான்சிஸ் சேவியர். உலகெங்கும் இன்று பாடமாகப் படிக்கப்படும் 'ஆன்டிகோனிஷ் இயக்கம்' அங்கிருந்து புறப்பட்டதுதான்.

சவேரியார் பெயரில்

பெயரிலிருந்தே தொடங்கலாம். பிரான்சிஸ் சேவியர் என்பது நம் சவேரியார்தான். 1542-ல் கோவாவில் வந்திறங்கிய அவர், அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் தங்கினார். மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகையைப் பார்க்க இன்றும் கூட்டம் போகிறது. தமிழ் மீனவர்களோடு வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய கல்லூரி, உலகின் இன்னொரு மூலையில் மீனவர்களிடமே வந்து நின்றது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

கல்லூரி 1853-ல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் ஆன்டிகோனிஷுக்கு இடம் மாறியது. பிள்ளைகள் பெரும்பாலும் ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலிருந்து நிலம் பிடுங்கப்பட்டு வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தினர்; ஐரிஷ்காரர்களும் பிரெஞ்சு பேசும் அக்காடியர்களும் உண்டு. படித்தவன் பாஸ்டனுக்குப் போவான், படிக்காதவனும் பாஸ்டனுக்குப் போவான். நம் தென்மாவட்டங்களுக்குச் சென்னையும் வளைகுடாவும் எப்படியோ, அந்தக் கரைக்கு பாஸ்டன் அப்படி. கல்லூரி பாதிரியாரை உருவாக்கியது, டாக்டரை உருவாக்கியது, வக்கீலை உருவாக்கியது. அவர்களை அனுப்பிவைத்த ஊர்கள் காலியாகிக்கொண்டே வந்தன.

இதைப் பார்த்துப் பொறுக்காதவர் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ். ஊர் அவரை ஃபாதர் ஜிம்மி என்றது. கல்லூரியின் துணைத் தலைவர். சிறிய உருவம், ஓயாத வாய், கை நிறையப் பிரசுரங்கள். 'மக்களுக்கு அறிவு' என்ற பொருளில் 1921-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பட்டம் வாங்க வருபவர்களுக்கு மட்டும் கல்லூரி கதவைத் திறந்துவைத்தால் போதுமா என்பது அவர் வாதம். அதே ஆண்டுக் குளிர்காலத்தில் கல்லூரிக்குள்ளேயே 'மக்கள் பள்ளி' நடந்தது. கட்டணம் கிடையாது, தகுதித் தேர்வு கிடையாது. பதினேழு வயதுப் பையன்களும் ஐம்பதைத் தாண்டியவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

தண்டனையாகக் கிடைத்த ஊர்

ஃபாதர் ஜிம்மிக்கு இன்னொரு கனவும் இருந்தது. மாகாணத்தின் சிறு கல்லூரிகளையெல்லாம் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கும் திட்டம் ஒன்று வந்தது. கார்னகி அறக்கட்டளை பணம் தரத் தயாராக இருந்தது. அவர் அதை வெளிப்படையாக ஆதரித்தார். ஆயர் ஜேம்ஸ் மாரிசன் வேண்டாம் என்றார். 1922 முடிவில் ஃபாதர் ஜிம்மிக்கு மாற்றல் உத்தரவு வந்தது: கல்லூரியை விட்டுவிட்டு கான்சோ என்ற மீனவ ஊருக்குப் பங்குக் குருவாகப் போக வேண்டும். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

மறைமாவட்டத்தின் கோடியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் கான்சோ. பக்கத்திலேயே அட்லாண்டிக் கடலடித் தந்தி நிலையம். அங்கே வேலை செய்தவர்களுக்கு நல்ல வீடு, நல்ல சம்பளம். மீனவர் வீடுகளிலோ பிள்ளைகளுக்குப் பால் இல்லை. பிடிக்கும் மீனுக்கு விலை ராத்தலுக்குச் சில சென்ட்தான். நீராவி விசைப்படகுகள் வந்து சிறுபடகுக்காரர்களின் பிழைப்பில் கைவைத்திருந்தன. வீடு வீடாகப் போய்ப் பேச்சுக் கொடுப்பார் ஃபாதர் ஜிம்மி. ஒரு பிரசுரத்தைக் கையில் திணித்துவிட்டு, அடுத்த வாரம் வந்து படித்தாயா என்று கேட்பார். நான்கைந்து வருஷம் இதே வேலை.

1927 ஜூலை 1. கனடா கூட்டாட்சியின் அறுபதாவது ஆண்டு விழாவை நாடே கொண்டாடியது. கான்சோ மீனவர்கள், கொண்டாட எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுக் கூட்டம் போட்டார்கள். பத்திரிகைகளுக்கு விஷயம் போயிற்று. மறைமாவட்டக் குருக்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். ஒட்டாவா அரசு நீதிபதி மக்லீன் தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் முன் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் மோசஸ் கோடி: கல்லூரிப் பேராசிரியர், பாதிரியார், ஃபாதர் ஜிம்மியின் நெருங்கிய உறவினர். இருவரும் மார்கரி பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள். மீனவர்களுக்குப் படிப்பும் கூட்டுறவும் வேண்டும் என்று கோடி வாதாடினார். ஆணையமும் மீனவர் கூட்டுறவைப் பரிந்துரைத்தது.

இதற்கிடையே கல்லூரியைப் பின்னாலிருந்தும் தள்ளினார்கள். நீங்கள் செய்யாவிட்டால் ஒரு லட்சம் டாலர் திரட்டி நாங்களே வயதுவந்தோர் கல்வி தொடங்கிவிடுவோம் என்றது ஸ்காட்டிஷ் கத்தோலிக்கச் சங்கம். பழைய மாணவர்களும் நெருக்கினார்கள். 1928-ல் கல்லூரி நிர்வாகம் விரிவாக்கத் துறையை அமைத்து, கோடியை அதற்கு இயக்குநராக்கியது. கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவரின் யோசனை, கல்லூரிக்குள் ஒரு துறையாக அமர்ந்துவிட்டது.

இரண்டு கேள்விகள்

கோடி பெரிய உடம்புக்காரர், பெரிய குரல்காரர். ஓர் ஊருக்குப் போனால் முதலில் பொதுக்கூட்டம். ஆறுதல் வார்த்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். உங்கள் தொழிலை யாரும் திருடவில்லை, விற்பதையும் வாங்குவதையும் நீங்களாகவே அடுத்தவனிடம் விட்டுக்கொடுத்தீர்கள் என்பார். பிறகு ஊரை இரண்டு கேள்விகளில் கட்டிப்போடுவார்: இந்த ஊரில் மனிதர்கள் வாழ்வாக வாழ என்ன செய்ய வேண்டும்? அதைச் செய்ய என்ன படிக்க வேண்டும்?

பாடத்திட்டம் இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலிருந்து வரும். இறால் துறையில் இறாலை டப்பாவில் அடைப்பது எப்படி என்று படிப்பார்கள். விவசாய ஊரில் மாடும் உரமும். எல்லா ஊருக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு: 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடை. ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு, ரொக்க வியாபாரம், வாங்கிய அளவுக்கு லாபப் பங்கு. கூட்டம் முடிந்து கோடி கிளம்பிய பிறகு ஊர் சிறு சிறு படிப்பு வட்டங்களாகப் பிரியும். வாரம் ஒரு முறை வட்டம் கூடும். மாதம் ஒரு முறை வட்டங்களெல்லாம் ஒன்றாகக் கூடி, படித்ததைச் சபை நடுவே சொல்லும். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசியே பழகாதவர்களுக்கு அதுவே ஒரு பரீட்சை. வட்டத் தலைவர்கள் கல்லூரிக்கு வந்து சில வாரம் தங்கிக் கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் பழகினார்கள்.

கோடி பேச்சில் தீ மூட்டுவார் என்றால், துணை இயக்குநர் ஏ.பி. மெக்டொனால்ட் அந்தத் தீயில் சமைத்தவர். சங்கத்தைப் பதிவு செய்வது, விதிமுறை எழுதுவது, ஏடு சரிபார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பெண்கள் பகுதியை சிஸ்டர் மேரி மைக்கேல் நடத்தினார். நெசவு, சத்துணவு, குடும்பக் கணக்கு, நூலகம் என்று அது விரிந்தது. புத்தகப் பெட்டிகள் ஊர் ஊராகப் போய் வந்தன. சுரங்க ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கிய களப்பணியாளர் ஐடா கேலன்ட், பின்னாளில் அந்த அனுபவத்தை நூலாகவே எழுதினார். இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் இரண்டு பாதிரியார்களின் கதையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் படிப்பு நடந்த சமையலறை யார் ஆளுகையில் இருந்தது என்று யோசித்தாலே இவர்களின் பங்கு புரியும்.

கான்சோவுக்கு அருகில் லிட்டில் டோவர் என்ற பாறை ஊர். மாடு மேயப் புல் முளைக்காத மண். படித்த முதல் குளிர்காலத்துக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் தாங்களே மரம் வெட்டி, கொஞ்சம் கடன் வாங்கி, சொந்தமாக ஓர் இறால் ஆலை கட்டினார்கள். பிள்ளைகளின் பாலுக்கு வெள்ளாடு வாங்கினார்கள். ஊரின் பொருளாதார வளர்ச்சி என்பது அங்கே ஒரு கொட்டகையும் சில ஆடுகளுமாகத்தான் முதலில் தெரிந்தது. 1930-ல் கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களின் மீனவர் சங்கங்கள் ஹாலிஃபாக்ஸில் கூடி 'ஐக்கிய கடலோர மீனவர்' என்ற கூட்டமைப்பாயின. அந்தப் பத்தாண்டின் முடிவில் படிப்பு வட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டின. உறுப்பினர்கள் ஏறத்தாழ பத்தாயிரம். நூற்றுக்கும் மேற்பட்ட கடன் சங்கங்கள், கூட்டுறவுக் கடைகள், மீன் பதப்படுத்தும் கூடங்கள், இறால் ஆலைகள். உலகமே பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கியிருந்த அதே பத்தாண்டு அது.

சென்னையிலிருந்து போன வழி

இவற்றில் கடன் சங்கத்துக்குத் தனி இடம் உண்டு. ஊரில் முதலில் தொடங்குவது பெரும்பாலும் அதுதான். வாரம் பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் என்று சேமித்து, உறுப்பினர்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வது. சின்னத் தொகை என்பதால் தப்பு நடந்தாலும் ஊர் மூழ்கிவிடாது. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தீர்மானிக்க ஒரு குழு, ஏட்டைச் சரிபார்க்க ஒரு குழு, பொருளாளராக ஊரிலேயே ஒருவர். மீனவரும் சுரங்கத் தொழிலாளியும் நிர்வாகம் பழகிய பள்ளிக்கூடம் அதுதான். அங்கே தேறிய கைதான் பிறகு கடையையும் ஆலையையும் நடத்தியது.

இந்தக் கடன் சங்கம் நோவா ஸ்கோஷியாவுக்குப் போன வழி விசித்திரமானது. 1890-களில் சென்னை ராஜதானியின் விவசாயி கடனில் தத்தளித்தபோது, ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய நாடுகளின் கிராம வங்கிகளை ஆராய அனுப்பியது சென்னை அரசு. 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக வந்த அவருடைய அறிக்கை, ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கிய ரைஃபைசனைப் போன்ற ஆளை இங்கே கண்டுபிடியுங்கள் என்று முடிந்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1904-ன் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் நாமெல்லாம் டி.யு.சி.எஸ். என்று அறிந்த கூட்டுறவுக் கடையும் தொடங்கின. நிக்கல்சன் பின்னர் சென்னை மீன்வளத் துறையைக் கட்டியெழுப்பப் போனார் என்பது இந்தக் கதைக்கு ஒரு கூடுதல் ருசி.

1907-ல் பாஸ்டன் நகரத்துப் பெரிய கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன் உலகப் பயணமாக இந்தியா வந்தார். வங்காளத்தில் கூட்டுறவுப் பதிவாளராக இருந்த கவுர்லே நடத்திய கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்தார். ஏழைகள் ஒருவரை ஒருவர் நம்பிக் கடன் கொடுத்துக்கொள்வது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பியதும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடன் சங்கச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். சட்டம் 1909-ல் வந்தது. பிறகு அமெரிக்கா முழுவதும் கடன் சங்கங்களைப் பரப்ப ராய் பெர்க்கன்கிரென் என்ற வழக்கறிஞரை நியமித்தார். அந்த பெர்க்கன்கிரென்னைத்தான் ஆன்டிகோனிஷ்காரர்கள் அழைத்தார்கள். நோவா ஸ்கோஷியாவின் கடன் சங்கச் சட்டம் 1932-ல் நிறைவேறியது.

கியூபெக் மாகாணத்தில் அல்ஃபோன்ஸ் டெஜார்டன் 1900-லேயே இப்படியொரு மக்கள் வங்கி தொடங்கியிருந்தார். ஆகவே முழுப் பெருமையையும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஏதோ ஒரு மீனவர் சமையலறையில் பத்து சென்ட் விழுந்த சேமிப்பின் வேர்களில் ஒன்று சென்னை ராஜதானியின் ஓர் அரசு அறிக்கை வரை வந்து முட்டுகிறது. யோசனைகள் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்குக்கே கப்பலேறும் என்று நினைப்பவர்கள் இந்த வழித்தடத்தைக் கவனிக்கலாம்.

சுரங்கக்காரர் கட்டிய வீடு

நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் கதை இன்னும் கடுமையானது. வீடு கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. அந்தக் கடைக்குத் தொழிலாளர்கள் வைத்த பட்டப்பெயருக்கு 'என்னைப் பறி' என்று பொருள். 1925 வேலைநிறுத்தத்தில் கம்பெனிப் போலீஸ் சுட்டதில் வில்லியம் டேவிஸ் என்ற தொழிலாளி இறந்தார். அந்த ஜூன் 11-ஐ அங்கே இன்றும் நினைவுநாளாக அனுசரிக்கிறார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு அந்த ஊர்களில் நல்ல செல்வாக்கு. திருச்சபை இந்த இயக்கத்துக்குப் பின்னால் நின்றதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொழிலாளர் உரிமை பற்றிப் போப் பதின்மூன்றாம் லியோ 1891-ல் எழுதிய சுற்றுமடலும் ஒரு காரணம்தான்.

1935-ல் ஃபாதர் ஜிம்மி ரிசர்வ் மைன்ஸ் என்ற சுரங்க ஊருக்கு மாற்றலானார். போனதும் தன் வீட்டிலேயே நூலகம் திறந்தார். அங்கே ஒரு படிப்பு வட்டம் வீட்டுவசதியைப் பாடமாக எடுத்துக்கொண்டது. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த கூட்டுறவுப் பணியாளர் மேரி ஆர்னால்ட் அவர்களோடு உட்கார்ந்தார். கடனுக்கு வட்டி எப்படி ஏறும், அஸ்திவாரம் எப்படிப் போடுவது, மனை எப்படி வாங்குவது என்று சுரங்கத் தொழிலாளிகளும் மனைவிமாரும் மாதக்கணக்கில் படித்தார்கள். அட்டையில் தங்கள் வீட்டின் மாதிரியைச் செய்து பார்த்தார்கள். வேலை முடிந்த நேரத்தில் தாங்களே கட்டினார்கள். 1938-ல் எழுந்த அந்தச் சிறு வீட்டு வரிசைக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயர்.

கிறிஸ்தவக் கல்லூரி நடத்தியதால் இது கத்தோலிக்கர்களுக்கு மட்டுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கூட்டுறவுக் கடையில் மதம் பார்க்கக்கூடாது என்பதில் கோடி உறுதியாக இருந்தார். நெல்சன் மெக்டொனால்ட் போன்ற புராட்டஸ்டன்ட் போதகர்களும் கைகோத்தார்கள். சாமியார்கள் எதற்காகக் கடைக்கணக்கு பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இயக்கம் தந்த பதில் எளிமையானது: வயிற்றுப் பாட்டைத் தாண்டாதவனுக்கு மற்றப் பாடங்கள் ஏறாது, படிப்பு காசிலிருந்து தொடங்கட்டும், காசோடு நிற்காமல் போகட்டும். 1939-ல் வெளிவந்த கோடியின் நூலுக்கு 'தங்கள் விதிக்குத் தாங்களே எஜமானர்' என்ற பொருளில் தலைப்பு. கல்லூரியின் குறிக்கோளும் அதுவாகவே இருந்தது.

பாடம் நின்றபோது

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்தால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சாலைகள் வந்தன, பெரிய கடைகள் வந்தன, அரசு உதவித்தொகைகள் வந்தன. இளைஞர்கள் வழக்கம்போல நகரத்துக்குப் போனார்கள். கூட்டுறவு அமைப்புகள் வளர்ந்து, மேலாளர்கள் கைக்குப் போயின. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. சமையலறைக் கூட்டம் மெல்ல நின்றது. 'ஐக்கிய கடலோர மீனவர்' கூட்டமைப்பு 1988-ல் நொடித்துப்போனது. 1990-களின் தொடக்கத்தில் கடலில் காட் மீனே அற்றுப்போய், மீன்பிடிக்கத் தடை வந்தது. கூட்டுறவுக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பிவந்த கோ-ஆப் அட்லான்டிக், தன் உணவு வியாபாரத்தை 2015-ல் ஒரு பெரிய தனியார் நிறுவனத்துக்கு விற்றது. கடன் சங்கங்கள் மட்டும் ஒன்றோடொன்று இணைந்து உருமாறி இன்றும் நிற்கின்றன.

பொருளாதாரக் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் நின்றது படிப்பு. உறுப்பினராக இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கையாளராக மாறினார். பக்கத்துக் கடையில் ஒரு டாலர் குறைவு என்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். அந்த ஒரு டாலர் ஏன் குறைகிறது, நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்தான் உறுப்பினர். அந்தக் கேள்வியைப் பழக்கிய இடம் இல்லாமல் போனபின் கட்டடமும் பெயர்ப்பலகையும் எத்தனை நாள் தாங்கும்? நம் ஊரில் அரசியல்வாதி கைக்கும் அதிகாரி கைக்கும் போன கூட்டுறவுச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

ஓட்டை வாளி

மோசஸ் கோடி 1959 ஜூலையில் இறந்தார். அதே ஆண்டு முடிவில் கல்லூரி அவர் பெயரில் 'கோடி சர்வதேச நிறுவனம்' தொடங்கியது. அப்போதிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சமூகப் பணியாளர்கள் அங்கே போய்ப் படித்துத் திரும்பியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போனவர்களும் ஏராளம். குஜராத்தின் சேவா பெண்கள் அமைப்போடு சேர்ந்தும் அந்த நிறுவனம் பணியாற்றியிருக்கிறது. நுண்கடன், பெண் தலைமை, ஊர்ப் பொருளாதாரம் என்று பாடங்கள் காலத்துக்கேற்ப மாறிக்கொண்டிருக்கின்றன.

அங்கே கற்றுத்தரும் முறைகளில் ஒன்றின் பெயர் ஓட்டை வாளி. நடுவில் ஒரு வாளி வரைய வேண்டும். அதுதான் உங்கள் ஊர். மேலிருந்து ஊருக்குள் வரும் பணத்தைக் குழாய் குழாயாக வரையுங்கள்: மீன் விற்ற காசு, கூலி, பென்ஷன், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புவது. அடியில் ஓட்டைகள்: மளிகை, டீசல், வட்டி, ஆஸ்பத்திரி, செல்போன். எந்த ஓட்டை பெரியது? எதை ஊரே அடைக்கலாம்? வாளிக்குள் தங்கும் பணம் எத்தனை கை மாறுகிறது? எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் இதை வரைந்துவிடலாம். உன்னிடம் என்ன இல்லை என்று பட்டியல் போடாதே, என்ன இருக்கிறது என்று தொடங்கு என்ற பாடமும் இதோடு சேர்ந்தது. நிலம், கைத்திறன், சங்கம், கோயில் திருவிழாவை நடத்திக் காட்டும் ஒற்றுமை, எல்லாமே சொத்துப் பட்டியலில் ஏறும்.

எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சமையலறையில் கேட்ட அதே கேள்விதான் இது. காசு எங்கே போகிறது?

நம் கரையில்

தமிழ்க் கரைக்கும் இந்தப் பாடம் அந்நியமில்லை. 1960-களின் பிற்பகுதியில் திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டில், கத்தோலிக்கச் சமூகப் பணியாளர்களின் துணையோடு மீனவர்கள் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விடச் சங்கம் தொடங்கினார்கள். அந்த மாதிரி பரவி, 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கரை ஊர்களிலும் அதன் சங்கங்கள் உண்டு. வேலை முறை எளிது: உறுப்பினரின் மீன் கரையிலேயே சங்கத்தின் வழியாக ஏலம் போகும், வரும் தொகையில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, ஒரு பங்கு சங்கச் செலவுக்கு. மிச்சம் மீனவர் கைக்கு. கடனைக் கொடுத்து மீனைப் பிடித்துக்கொள்ளும் வியாபாரியின் பிடி தளரும் இடம் அந்த ஏலம்தான். முதல் விற்பனை யார் கையில் இருக்கிறதோ, கணக்கும் அவர் கையில் இருக்கும்.

நம் கிறிஸ்தவக் கல்லூரிகளில் இன்று தொழில்முனைவோர் மேம்பாட்டு மையம் இல்லாத வளாகத்தைத் தேட வேண்டும். விரிவாக்கப் பணித் துறைகளும் பல இடங்களில் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு அறைகளில் இருக்கின்றன. ஓர் அறையில் மாணவன் தன் யோசனையை முதலீட்டாளர் முன் பத்து நிமிஷத்தில் விளக்கப் பழகுகிறான். இன்னோர் அறையில் அதே மாணவன் கிராமத்துக்குப் போய் முகாம் நடத்தி, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறான். முதலாவதில் ஊர் இல்லை. இரண்டாவதில் கணக்கு இல்லை. ஆன்டிகோனிஷ் இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தது. தொழில்முனைவை ஒரு தனி ஆளின் துணிச்சலாக அது பார்க்கவில்லை. தன் காசு போகும் வழியை ஓர் ஊர் தெரிந்துகொண்டு, அந்த வழியில் ஏதாவது ஓர் இடத்தில் குறுக்கே நிற்பதுதான் அதற்குத் தொழில்முனைவு.

இதற்குப் புதிய பட்டப்படிப்பு தேவையில்லை. நம் கடலோரக் கல்லூரிகளின் முதலாம் ஆண்டு வகுப்பில், அம்மா தலைச்சுமையாக மீன் விற்றுப் படிக்கவைக்கும் பெண் ஒருத்தி நிச்சயம் இருப்பாள். அவளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்க்கலாம். அம்மா விடிகாலை ஏலத்தில் என்ன விலைக்கு எடுத்தாள், பணம் யாரிடம் வாங்கினாள், சாயங்காலம் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு, ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் சந்தை வரிக்கும் போனது எவ்வளவு, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது எவ்வளவு என்று ஒரு மாதம் எழுதிவரச் சொல்ல வேண்டும். அதே தெருவில் இன்னும் பத்து வீட்டுக் கணக்கு சேர்ந்தால் ஓட்டை வாளி தானாகத் தெரிந்துவிடும்.

அந்தத் தாளுக்கு மதிப்பெண் போடுவது சுலபம். ஆசிரியர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு ராத்திரி அந்தப் பத்து அம்மாக்களும் கூடியிருக்கும் அடுப்படி வரை போவாரா என்பதுதான் கல்லூரிக்கு வைக்கப்படும் பரீட்சை.